மேல் தட்டில் வைத்த விளக்கு

அம்மன் கோயிலுக்கு வரும் எல்லாருக்கும் ரங்கூனுக்கு அக்கரை டாலாவிலிருந்து மல்லிகா எழுதிக்கொள்வது. தாய் என் தாலியைக் காப்பாற்றிக் கொடுத்த கதையை ஒவ்வொரு ஆடிக்கும் வாயால் சொல்லத் தொடங்கி, பாதியிலேயே அழுது நிறுத்திவிடுகிறேன். அதனால் இந்த முறை எழுதியே கொடுத்துவிட்டேன்.

1999, மார்ச் கடைசி. என் வீட்டுக்காரர் செல்வம் வேலை பார்த்த கப்பலிலிருந்து சேதி நின்றுபோனது. கடலிலும் ஓடும், ஆற்றிலும் ஓடும் சின்னச் சரக்குக் கப்பல் அது. அவர் எஞ்சின் அறையில் எண்ணெய் போடுபவர். அவரைக் கப்பலுக்கு அனுப்பிய ஆபீசில் போய் நின்றேன். "டான்யூப்னு ஒரு ஆத்துக்குள்ள போயிருக்கும்மா. நோவி சாட் பக்கம். அங்க இப்ப குண்டு போடுறாங்க. வேற ஒண்ணும் தெரியாது" என்றார்கள். தினமும் படகில் ரங்கூன் ஆற்றைக் கடக்கிறவள் நான். கடலில் காணாமல் போனால் சரி, ஆற்றில் எப்படி ஒரு கப்பல் காணாமல் போகும்? எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது ரங்கூனில் பஹான் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மா வீட்டில் சமையல் செய்துகொண்டிருந்தேன். பெயர் மிலேனா. அவர் கணவருக்கு மர வியாபாரம். மரியாதையாக டோ மிலேனா என்று கூப்பிடுவேன். அவர் என்னை மா மல்லி என்பார். எங்கள் பேச்சு பாதி பர்மியம், பாதி கைஜாடை. எந்த தேசம் என்று நான் கேட்டதே இல்லை. வெள்ளைத்தோல் என்றால் லண்டன், அவ்வளவுதான் என் பூகோளம். அன்று அழுதுகொண்டே நோவி சாட் என்று சொன்னதும் அவர் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"என் தம்பி ஊரு" என்றார்.

அவர் செர்பியப் பெண் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். குண்டு விழுந்துகொண்டிருந்தது அவர் தேசத்தில். தம்பி வீட்டுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்க்கிறார், மணி அடிக்கவே இல்லை. ஒரு வீட்டில் இரண்டு பெண்கள், ஒரே ஊரை நினைத்து அழுதோம்.

அவர்களுடைய கிறிஸ்தவ சபைக்கு ரங்கூனில் கோயில் கிடையாது. அதனால் ஓர் அலமாரியில் இரண்டு தட்டிலும் ஆற்றுமணல் பரப்பி, மெழுகுவர்த்திகளை நட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. வீட்டிலிருந்து அகல் விளக்கும் நல்லெண்ணெயும் கொண்டுவந்து, கீழ்த்தட்டு மணலில் வைத்து ஏற்றினேன். நம் வீட்டில் விளக்கைச் சாமி காலடியில்தானே வைப்போம்? என் புருஷன் பெயரைச் சொல்லிக் கும்பிட்டு நிமிர்ந்தால், டோ மிலேனா வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்.

"மா மல்லி, கீழ இருக்கிறது செத்தவங்களுக்கு. மேல இருக்கிறதுதான் உயிரோட இருக்கிறவங்களுக்கு."

என் கையாலேயே என் புருஷனைச் செத்தவர் வரிசையில் வைத்துவிட்டேனே! அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் எரிகிற விளக்கை வெறுங்கையால் எடுத்தார். விரல் சுட்டிருக்கும், முகம் சுளிக்கவில்லை. மேல் தட்டில், தம்பியின் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இன்னும் யாரும் வந்து சொல்லலியே. சொல்ற வரைக்கும் மேலதான்."

பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, கீழே எரிந்தவை யாருக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்று அவருடைய தாத்தாவுக்கு. முதல் உலக யுத்தத்தில் நாடே பறிபோய், பட்டாளமும் சனங்களும் வயதான ராஜாவும் பனிமலை ஏறி நடந்தார்களாம். தாத்தா மலையை விட்டு இறங்கவே இல்லை. இன்னொன்று, இரண்டாவது யுத்தத்தில் ஜெர்மன்காரர்கள் சுட்ட பெரியப்பாவுக்கு. ஓரமாக எரிந்த ஒன்றைக் காட்டி, "இந்த பத்து வருஷத்துல எங்க ஆளுங்க கொன்னவங்களுக்கு" என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது.

எங்கள் அப்பாவும் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது சின்ன வயதில் இந்தியாவுக்கு நடந்து, பாதி வழியில் திரும்பியவர். கூட நடந்த அவர் தங்கை திரும்பவில்லை. அந்த அத்தைக்காக நாங்கள் ஒரு திரிகூட ஏற்றியதில்லை. அன்று கீழ்த்தட்டில் அவளுக்கும் ஒரு மெழுகுவர்த்தி நட்டார் டோ மிலேனா.

அதன் பிறகு என் வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான். "தாயே, அந்த விளக்கை இறக்க வைக்காதே." தீ மிதிக்கிறேன், மொட்டை போடுகிறேன் என்று பேரம் பேசக்கூட எனக்குத் தெம்பில்லை. எண்ணெய் ஊற்றுவேன், இதைச் சொல்வேன், அழுவேன்.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை உச்சிவேளையில் போன் கிடைத்துவிட்டது. தம்பி உயிரோடு இருந்தார்! எந்த நேரமும் லைன் அறுந்துவிடும். அந்த அம்மா சொந்த வீட்டு நலம் விசாரிக்கவில்லை. "பர்மாக்காரங்க கப்பல், பர்மாக்காரங்க கப்பல்" என்றுதான் கத்தினார். அவர்கள் பாஷையில் எனக்குப் புரிந்தது பர்மா என்ற ஒரு சொல்தான். லைன் அறுந்தது. நான் அவர் காலில் விழப் போனேன், விடவில்லை.

தம்பி சைக்கிளில் ஆற்றங்கரையெல்லாம் தேடியிருக்கிறார். அபாயச் சங்கு ஊதினால் ஒளிவது, நின்றால் மிதிப்பது. சில நாள் கழித்துத் தம்பியே கூப்பிட்டார். டோ மிலேனா என் காதில் போனை அழுத்தினார்.

"மல்லி? நான்தான். சாப்டியா?"

பாலங்கள் இடிந்து ஆற்றில் கிடக்கின்றன, மனுஷன் நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறார். நான் கத்திய கத்தலில் தோட்டக்காரர் ஓடி வந்துவிட்டார்.

மழைக்காலத்தில் அவர் வீடு வந்து சேர்ந்தார். பாலம் விழுந்ததும் கப்பல்காரர்களை ஆற்றங்கரைக் குடும்பம் ஒன்று தங்கள் நிலவறைக்குக் கூட்டிப்போயிருக்கிறது. இருந்த ரொட்டியைப் பிட்டுப் பிட்டு எல்லாருக்கும் கொடுத்திருக்கிறார்கள். அதைச் சொல்லிக்கொண்டே வந்தவர், "அந்த வீட்டம்மா ஒரு வேலை செஞ்சாங்க மல்லி" என்றார்.

"என்ன?"

"ரெண்டு சட்டியில மணல் வச்சிருந்தாங்க. ஒண்ணு தரையில, ஒண்ணு பலகை மேல. எங்க பேரை ஒவ்வொண்ணா கேட்டாங்க. செல்வம்னு சொல்ல வாயில நுழையல, செலோம் செலோம்னு சொல்லி எனக்கும் ஒரு மெழுகுவர்த்தி மேல வச்சாங்க. ஏன் மேலன்னு தெரியல."

எனக்குத் தெரியும். அந்தத் தம்பி தேடி வருவதற்கு முந்தியே, என்னை அறியாத ஒரு பெண் என் விளக்கை அங்கே மேலே வைத்திருந்தாள். தாய் எத்தனை ஊரில், எத்தனை கையால் காக்கிறாள்!

டோ மிலேனா பிறகு ஊர் திரும்பிவிட்டார். அலமாரி என் வீட்டில் இருக்கிறது. 2008-இல் புயல் அடித்தபோது எங்கள் தெருவே விளக்கோடு வந்தது. மேல் தட்டில் இடம் போதவில்லை. சில விளக்குகளைப் பிறகு அழுதுகொண்டே கீழே இறக்கினோம். மற்றவற்றை, அவரவர் திரும்பி வந்து தாங்களே எடுத்துக்கொண்டு போனார்கள்.

சேதி வராத பிள்ளைக்காக, புருஷனுக்காக நெஞ்சு பதறுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், கூச்சப்படாமல் என் வீட்டுக்கு வாருங்கள். எண்ணெய் நான் தருகிறேன். தாயை நம்பி ஏற்றுங்கள். ஆனால் யாரும் வந்து சொல்லும் முன்னே, நீங்களாக உங்கள் ஆளைக் கீழே வைத்துவிடாதீர்கள்.