ஞானதுரை அண்ணாச்சி செய்யாத தவறு

ஞாயிற்றுக்கிழமை காலை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: ஞானதுரை அண்ணாச்சி மாரடைப்பால் காலமானார். கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். நானும் ஒன்று போட்டேன். போடும்போதே கை கூசியது.

தென்காசியிலுள்ள எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் நெட்வொர்க் முழுவதும் அண்ணாச்சியின் பொறுப்பு. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று நிர்வாகம் சொன்னபோது, சுரண்டையிலிருந்து பஸ் ஏறி ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து ரவுட்டரில் வி.பி.என். டனல் போட்டுக் கொடுத்தார். சிங்கப்பூர் தலைமை அலுவலகம் வரைக்கும் பிறர் நுழைய முடியாத தனிப்பாதை அது. குற்றாலத்தில் என் வீட்டுக்கு வந்த அன்று, டனல் இணையும்வரை காபியைத் தொடவில்லை. ஆறிப்போனதைக் குடித்துவிட்டு, "ஆபீஸ் லேப்டாப் மட்டுந்தான் இது வழியா போகும். வீட்டு போன், டிவி எல்லாம் வெளிய. இதை மட்டும் மாத்திராதிய" என்றார்.

சீசன் வந்தது. சாரல் நேரத்தில் குற்றாலத்தில் வீடு இருப்பவனுக்குச் சொந்தபந்தத்துக்குக் குறைவே இருக்காது. அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்து உட்கார்ந்த பதினான்கு பேருக்கும் வைஃபை பாஸ்வேர்டு கொடுத்தேன். அத்தானுக்குக் கிரிக்கெட் பார்த்தாக வேண்டும். "மாப்ளே, இந்த மேட்ச இங்கன காட்ட மாட்டேங்கான். சிங்கப்பூர்ல காட்டுதானாம். ஒங்க ஆபீஸ் வழியா போட்டு விடேன்" என்றார். அவரிடம் கெத்துக் காட்டும் ஆசையில் வீட்டிலிருந்த எல்லாவற்றையும் டனலுக்குள் திருப்பினேன். அலுவலகத்தில் எல்லோருடைய டனலும் போய்ச் சேரும் சிங்கப்பூர் இணைப்பு திணறி, மதியம் முழுக்க அலுவலக வேலை நின்றது. அன்று கொடுக்க வேண்டிய கோப்பு போகவில்லை.

உங்கள் வீட்டிலிருந்துதான் பிரச்சினை என்று மேலாளர் போனில் சொன்னார். அவசரமாகப் பழையபடி மாற்றிவிட்டு, "நான் எதையும் தொடல சார். அண்ணாச்சி போட்டது போட்டபடி இருக்கு" என்றேன்.

மறுநாள் அண்ணாச்சி வந்து ரவுட்டரை ஒன்றுவிடாமல் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்க ஏதும் தொட்டியளா?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்ப நான்தான் எங்கனயோ கோட்டை விட்டுட்டேன்."

அறிக்கையிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார். நெட்வொர்க் பொறுப்பைப் பிடுங்கி, லேப்டாப் பழுது பார்க்க உட்காரவைத்தார்கள். அதன் பிறகும் என்னைக் கண்டால், "நெட்டு ஒழுங்கா வருதா?" என்று கேட்பார். நான் தலையாட்டிவிட்டு நழுவுவேன். மூன்று வருடம் இப்படியே ஓட்டினேன். நினைத்தால் கேவலமாக இருக்கிறது.

அடக்கத்துக்குச் சுரண்டை போயிருந்தேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க வீட்டு கனெக்சனத்தான் தம்பி சொல்லிக்கிட்டே இருப்பாவ. நோட்டுல அதப் படமாப் போட்டுப் போட்டுப் பாப்பாவ. எங்கன தப்பு விட்டேன்னு தெரிஞ்சாலாவது நிம்மதியா இருக்கும்பாவ" என்றார். அங்கேயும் உண்மையை மறைத்து, மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அலுவலக இதழுக்கு இந்த அஞ்சலியை எழுதச் சொன்ன மேலாளர், "அந்த ஒரு தவறைத் தவிர அப்பழுக்கில்லாதவர்" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்க்க மாட்டேன். இதழ் வந்ததும் அண்ணாச்சியின் மனைவியிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்து, அவர் வாசித்து முடிக்கும்வரை எதிரில் நிற்பேன்.

அண்ணாச்சி, நீங்கள் போட்ட படம் சரி. ரவுட்டரை மாற்றியவன் நான். நீங்கள் கேட்டபோது இல்லை என்று சொன்னவனும் நான். நிம்மதியாகப் போய் வாருங்கள்.