நனையாத பஞ்சு

மெர்க்குரி அறுபதுக்குக் கீழே இறங்கியபோது நான் பிரஷர் மிஷினைத்தான் சந்தேகப்பட்டேன். அந்தச் சனியன் பிடித்த ரப்பர் குழாயில் எப்போதும் காற்றுக் கசியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் கம்பத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை எனக்கு. மயக்கமருந்து கொடுப்பதும் நான்தான். சைனஸ் ஆபரேஷன் என்றாலே டாக்டருக்கு எரிச்சல். "ஈத்தர் குடுத்தா ரத்தமாக் கொட்டுது, எலும்பே தெரியல. குளோரோஃபார்ம்ல பிரஷர் எறங்குது, ரத்தமும் கொறையுது. ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்துருவோம்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆபரேஷனிலும் நனைந்த பஞ்சை எண்ணி நோட்டில் எழுதினோம். எனக்குக் கை பழகியது குளோரோஃபார்ம். அதுதான் ஜெயிக்க வேண்டும் என்று வீம்பு.

அன்று மேஜையில் பேச்சியம்மாள். மூன்று வருஷமாகக் கன்னத்தெலும்புக்குள் சீழ். படுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தையில மகளுக்குக் கல்யாணம். என்னைய எழுப்பி விட்ருவீகள்ல?"

"அதெல்லாம் எழுப்பிருவேன், பேசாமப் படுங்க."

இடது கையில் குளோரோஃபார்ம் பந்து. அமுக்க அமுக்க ஆவி குழாய் வழியாக வாயோரம் போகும். வலது கையில் பிரஷர் பந்து. பத்து நிமிஷத்தில் டாக்டருக்கு மனசு குளிர்ந்தது.

"அடேயப்பா! ரெண்டு பஞ்சுதான் நனைஞ்சிருக்கு!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் மெர்க்குரி இறங்கியது. கசிவுதான் என்று மறுபடி காற்றடித்தேன். மறுபடியும் இறங்கியது. எரிச்சலில் குழாயை முறுக்கினேன். பாழாய்ப்போன இடது கை மட்டும் குளோரோஃபார்மை நிறுத்தவில்லை.

குமுளிப் பக்கத்து நர்ஸ் அன்னம்மா கத்தினார். "சாரே, மிஷினை விடுங்க! காதைப் பாருங்க!"

காது சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நாடி விரலுக்குத் தட்டுப்படவில்லை. மூச்சும் இல்லை.

பந்தை வீசினேன். தலைப்பக்கம் மேஜையைத் தாழ்த்தினோம். டாக்டர் நாக்கை இழுத்துப் பிடிக்க, நான் பேச்சியம்மாளின் கைகளைத் தூக்கித் தூக்கி விலாவில் அமுக்கினேன். என் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது. கடைசியில் ஒரு மூச்சு, பிறகு இன்னொன்று. வெட்டின இடத்தில் ரத்தம் கசிந்தது. ரத்தத்தைப் பார்த்து அழுதேன், வெட்கமில்லை.

காயத்தை அடைத்துக் கட்டிய பிறகு டாக்டர் நோட்டைத் திறந்து, "பஞ்சு எத்தன?" என்றார்.

"எண்ணல சார்."

அவரும் நோட்டை மூடிவிட்டார்.

பிரஷரை இறக்கும் மருந்து எதுவானாலும், பஞ்சு நனையாவிட்டால் முதலில் நோயாளியின் முகத்தைப் பாருங்கள், மிஷினைப் பிறகு திட்டலாம். இன்றைக்கும் பஸ்ஸில் பக்கத்து ஆள் அசந்து தூங்கினால் எனக்கு இருப்புக்கொள்ளாது. அவர் காதைத்தான் பார்ப்பேன்.

மறுநாள் பேச்சியம்மாள் வீங்கிய முகத்தோடு கும்பிட்டார். "சொன்ன மாதிரியே எழுப்பி விட்டுட்டீக."

"நான் இல்ல ஆத்தா" என்றேன். "அந்தா அங்கன நிக்கிறாகளே நர்சம்மா, அவுகளைக் கும்பிடுங்க."