மாஸ்டர் அறையில் மணி 5.42

நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. என் அப்பா சொன்னதையே யாரும் நம்பவில்லை; என்னை நம்பி என்ன ஆகப்போகிறது? ஆனால் இது நடந்தது. போன மழைக்காலத்தில், ஒரு புதன்கிழமை மாலை.

நான் போர்டு எழுதுகிறவள். எங்கள் ஊர் ஏரிக்கு விடுமுறையைக் கழிக்க வருகிறவர்களுக்காகவே ஒரு காலத்தில் ரயில் பாதை போட்டார்கள். சீசனில் ஒரு நாளைக்குப் பதினோரு வண்டிகள் வந்த ஸ்டேஷன். பிறகு நல்ல ரோடு வந்தது, கார்கள் வந்தன, ஸ்டேஷனுக்குப் பூட்டு விழுந்தது. இப்போது அதை ஓட்டலாக மாற்றுகிறார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் அறைச் சுவரில் அதன் வரலாற்றை எழுதும் வேலை எனக்கு வந்தது.

ஓட்டல் முதலாளி கொடுத்த தாளில் கடைசி வரி இது: 'பாயின்ட்ஸ்மேனின் கவனக்குறைவால் சீசன் வண்டி ஏரியில் கவிழ்ந்து பதினான்கு பேர் இறந்தனர்.'

வண்டிகளுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் அந்தப் பாயின்ட்ஸ்மேன் என் அப்பா. அன்றைய மாஸ்டர், முதலாளியின் அப்பா. ஏரி பெருகித் தண்டவாளத்தில் ஏறிவிட்டது என்று பாதையோரக் கேபினிலிருந்து மாஸ்டருக்குப் போனில் சொன்னதாக அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு போனே வரவில்லை என்றார் மாஸ்டர். பழி அப்பா தலையில் விழுந்தது. வேலை போனது. ஊர் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டது.

மற்ற வரிகளை முடித்துவிட்டேன். அந்த வரியில் கை ஓடவில்லை. வெளியே மழை. மணி 5.42.

போன் அடித்தது.

ட்ரிங்... ட்ரிங்...

அழகுக்காக மேஜையில் வைத்திருந்த பழைய கறுப்பு போன். அதன் அறுந்த ஒயரைக் காலையில் நான்தான் சுருட்டி வைத்தேன்.

எடுத்தேன். முதலில் மழைச் சத்தம். அப்புறம்...

"ஐயா, தண்ணி தண்டவாளத்துக்கு மேல நிக்குது. வண்டிய அனுப்பாதீங்க."

அப்பா. இருமல் இல்லாத, இளவயது அப்பா.

"சீசன் வண்டிப்பா. பெரிய எடத்து ஆளுங்க இருக்காங்க. அனுப்பித்தான் ஆகணும்." பதில் சொன்னது மாஸ்டரின் குரல்.

"ஐயா..."

டக்.

காதுக்குள் ஏதோ சில்லென்று வழிந்தது.

தண்ணீர்.

ஓடினேன்.

இரண்டு வாரம் கழித்து முதலாளி வந்தபோது சொன்னேன். பெயின்ட் வாடை தலைக்கு ஏறியிருக்கும் என்றார். அந்த வரியை எழுத மாட்டேன் என்று தூரிகைகளை அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். வேறொருவர் எழுதினார். இப்போது அதன் கீழே நின்று சிரித்தபடி படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு மாதம் கழித்து ஓர் ஆஸ்பத்திரிக்குப் போர்டு எழுதப் போனேன். மாஸ்டரைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட நர்ஸ் அங்கே இருந்தாள். அவர் இறந்ததும் அதே புதன்கிழமை மாலை, ஐந்தே முக்கால் வாக்கில்தானாம். பக்கவாதம் வந்து மூன்று வருடமாக அவருக்குப் பேச்சே கிடையாது. அன்றைக்கு வெறும் கையைக் காதில் வைத்துக்கொண்டு தெளிவாகப் பேசினாராம்.

"'தண்ணி எவ்வளவு நிக்குது?'ன்னு கேட்டாருக்கா. கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. அப்புறம், 'கழுத்து வரைக்குமா?'ன்னாரு. அவ்வளவுதான்."

நுரையீரல் முழுக்கத் தண்ணீர் என்று எழுதியிருக்கிறார் டாக்டர்.