ஓத்தீலியா ஏற்றிய சின்னம்

எங்கள் சான் தெல்மோ நகரச் சின்னத்தில் அரசர் காலத்தில் சிங்கம் இருந்தது. விடுதலை வந்ததும் சிங்கத்தைத் துரத்திவிட்டுப் பறவையை வைத்தார்கள். பிறகு ஒரு ஜெனரல் வந்தார். பறவை போய் அவருடைய குதிரை ஏறியது. அவர் ஓடிப்போனதும் காப்பிக் கிளை. நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் முதல் வேலை இதுதான்.

சின்னம் எதுவானாலும், திருவிழாவுக்கு முன் நகரக் கொடியை, நாங்கள் கூலிக்குத் துணி துவைக்கும் ஊர்ப் பொதுத் தொட்டியில்தான் துவைப்பார்கள். முப்பது வருடமாக அதைத் துவைப்பவள் ஓத்தீலியா. பக்கத்துத் துவைகல் என்னுடையது. அவள் வாய்க்கு ஊரே பயப்படும்.

அவளுக்குத் தீராத எரிச்சல் ஜெனரலின் குதிரைச் சிலைமேல். துணி காயும் கயிற்றில் வெயில் படவிடாமல் நிற்கும். அகற்றச் சொல்லி வருடா வருடம் மனு கொடுப்பாள். நகராட்சிக் குமாஸ்தாவிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: ஒருமுறை சின்னத்தில் ஏறியதை எவரும் இடிக்கக் கூடாது, ஜெனரல் போட்ட சட்டம்.

புது மேயர் லேமுஸ் தலைநகரில் வளர்ந்தவர். தொட்டியை இடித்துக் கார் நிறுத்துமிடம் கட்டப்போவதாக அறிவித்தார். நாற்பது பெண்களின் பிழைப்பு அது. நான் அழுதே விட்டேன். அதே வாரம் புதுச் சின்னத்துக்கு வாக்கெடுப்பு, யார் வேண்டுமானாலும் படம் கொடுக்கலாம் என்றார். தான் கட்டிய பாலம்தான் ஜெயிக்கும் என்று நினைப்பு.

"அழாதடி. குதிரைக்கு ஒரு சட்டம், தொட்டிக்கு ஒரு சட்டமா?" என்றாள் ஓத்தீலியா. தொட்டியைக் கோணல்மாணலாக வரைந்து மேயரிடம் எடுத்துக்கொண்டு போனாள்.

மேயர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா, இடிக்கப்போற தொட்டியையா கொடியில வைக்கச் சொல்ற?"

"வச்சுத்தான் பாருங்களேன் ஐயா. பாலம் தோத்துடும்னு பயமா?"

"சேத்துக்குங்கப்பா," என்றார் மேயர்.

சதுக்கத்தில் படத்துக்கொரு பானை. ஆளுக்கொரு மக்காச்சோள மணி. துணி கொடுக்கப்போன வீடெல்லாம் விஷயத்தைச் சொன்னோம். மேயர் வீட்டில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. குமாஸ்தாவும் சத்தமில்லாமல் எங்கள் பானையில் மணியைப் போட்டுவிட்டுப் போனார்.

பாலத்தின் பானையில் அடிகூட மறையவில்லை. எங்கள் பானை வழிந்தது. ஊரே பார்க்க மேயர் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் குமாஸ்தா பழைய சட்டத்தை எடுத்து உரக்க வாசித்தார்.

மேயரின் முகம் செத்துப்போனது. "என்னம்மா, ஏமாத்திட்டியா?"

"நானா? கை உங்களுது, கையெழுத்தும் உங்களுது."

என் ஆயுளில் நான் அப்படிக் கத்திக் கைதட்டியதில்லை. தொண்டை மூன்று நாள் கட்டிக்கிடந்தது.

தொட்டிச் சின்னம் போட்ட புதுக் கொடியை ஓத்தீலியா அதே தொட்டியில் அலசி, பிழிந்து, கயிற்றில் போட்டாள். குதிரையின் நிழல் அதன்மேல் விழுந்தது.

"மனு எழுதலையாக்கா?" என்றேன்.

"இந்த வருஷம் வேணாம்டி," என்றாள். "நின்னுட்டுப் போகட்டும் குதிரை."