குடோன் சந்தில் ரோசியை நிறுத்தி வைத்தவர்

மகளைக் காணவில்லை என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். தெருவே சிரித்தது.

“ஆரம்பிச்சிட்டியா சூசை?” என்றான் ரிக்‌ஷாக்கார காஜா, வாயிலிருந்த பீடியை எடுக்காமலே. “போன வாரம் உன் மாமியார காணோம்ன. அதுக்கு மின்னாடி கோயிலு மணிய காணோம்ன. இன்னிக்கு பொண்ணா?”

“சத்தியமா காணோம் காஜா.”

“சத்தியம் வேறயா! ஒரு டீ சொல்லு நைனா, நம்பறேன்.”

நம் கோயில் பத்திரிகையில் இதைப் படிக்கிற பங்கு மக்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். மீதிப் பேர் கொடுத்து வைத்தவர்கள். பெயர் சூசைராஜ். தண்டையார்பேட்டையில் போர்டு எழுதுகிற பெயின்டர். லாரி, படகு, சோடாக் கடை, எதன் மேலும் எழுதுவேன். எழுதுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் டூப்பு விடுவேன். இப்படிப்பட்டவன் சாட்சி சொல்ல வந்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். ஆனால் அன்று காஜா என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு பீடியைக் கீழே போட்டான்.

“ஐய, மெய்யாலுமா? இன்னா சூசை, மூஞ்சி இப்டி கீது? ஏறு வண்டில.”

ரோசி எங்களுக்கு ஒரே மகள். அப்போது பத்தொன்பது வயது. பிறந்த சில நாளிலேயே பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்; இப்போது அதை டவுன் சின்ட்ரோம் என்கிறார்கள். தெருவில் அதற்கு வேறு பெயர்கள் வைத்திருந்தார்கள். அவற்றை நான் கூலி கொடுத்தாலும் எந்தப் போர்டிலும் எழுதமாட்டேன்.

ராயபுரத்தில், கோயிலுக்குப் பின்னால் இருந்த கூடத்தில், சிஸ்டர் பெனிட்டா சனிக்கிழமைதோறும் ஒரு பட்டறை நடத்தினார். ரோசியைப் போன்றவர்கள் ஐந்து பேர் வருவார்கள். வேலை, கார்ட்டூன் படம் எடுப்பது. யாரோ வெள்ளைக்காரர் தந்துவிட்டுப் போன பழைய சினிமா கேமராவை ஒரு இரும்புச் சட்டத்தில் தலைகுப்புறக் கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே மேசை, இரண்டு பக்கமும் பெரிய விளக்கு. அட்டையில் வெட்டிய பொம்மையை மேசை மேல் வைத்து, அதன் காலை ஒரு நகம் அளவு நகர்த்துவார்கள். “கை எடு!” என்பார் சிஸ்டர். எல்லாரும் கையை எடுத்துவிட்டு மூச்சுவிடாமல் நிற்பார்கள். விளக்கு ஆடாமல் இருக்கிறதா என்று சிஸ்டர் நிதானமாகப் பார்ப்பார். அப்புறம் ஐந்து பேரில் ஒருவனான வியாசர்பாடி சேகர் பொத்தானை அமுக்குவான். டக். மறுபடி ஒரு நகம். மறுபடி டக். ஒரு மத்தியானம் முழுக்க இப்படிச் செய்தால் திரையில் அந்தப் பொம்மை நாலு எட்டு நடக்கும்.

சிஸ்டர் அந்த ஐந்து பேரையும் ‘ஆர்டிஸ்ட்’ என்றுதான் கூப்பிடுவார். பொம்மைக்குப் பின்னால் தெரிகிற தெருவை வரைந்து கொடுத்தது நான். என்னை ‘பெயின்டரே’ என்றுதான் கூப்பிடுவார்.

அந்த வருஷத்துப் படத்தின் கதை ரோசியுடையது.

“ஒரு பொண்ணு. வூட்டுக்குப் போறா.”

“அப்பறம்?” என்று கேட்டார் சிஸ்டர்.

“போறா.”

“நடுவுல ஒரு திருடன் வரட்டுமே ரோசி,” என்றேன் நான். “இல்லாங்காட்டி ஒரு கழுத. ஜனங்க சிரிக்க வாணாமா?”

“வூட்டுக்குப் போறாப்பா. நடுவுல நீ வராத.”

சேகர் சிரித்த சிரிப்பில் மேசையே ஆடியது. கழுதை வரவில்லை.

எழுபதுகளின் நடுவில், ஜெபமாலை மாதமான அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. மத்தியானமே வானம் கறுத்துவிட்டது. அட்டைப் பெண் தெருவின் பாதிவரை வந்திருந்தாள். ஒரு காலைத் தூக்கி அடுத்த எட்டு வைக்கப் போகிறாள், கரண்ட் போய்விட்டது.

காத்திருந்தோம். வரவில்லை. “மிச்சத்த அடுத்த சனிக்கிழமை எடுக்கலாம்,” என்றார் சிஸ்டர்.

“அவ நடுத்தெருவுல நிக்கறாளே?” என்றாள் ரோசி.

“நிக்கட்டும்மா. எங்க போயிடப் போறா?”

இருட்டில் விளக்குச் சட்டம் யார் மேலாவது சாய்ந்துவிடக் கூடாது என்று நானும் சிஸ்டரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஓரமாக நகர்த்தினோம். மெழுகுவத்தி ஏற்றிப் பார்த்தபோது நான்கு ஆர்டிஸ்ட்தான் இருந்தார்கள்.

“ரோசி எங்க சேகர்?”

“நடந்துகினு கீறா.”

“எங்க?”

“நடந்துகினு கீறா அங்கிள்.”

பெரிய தகவல் சொல்லிட்டான் என்று கத்திவிட்டு வெளியே ஓடினேன்.

என் பயம் உங்களுக்குப் புரிய வேண்டும். கூடத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் துறைமுகத்துக்குப் போகிற கூட்ஸ் லைன் இருந்தது. கேட் கிடையாது. எஞ்சின் பின்னாலிருந்து வேகன்களைத் தள்ளிக்கொண்டு வரும்; கொடி பிடித்த ஒருவர் முன்னால் நடப்பார், அவ்வளவுதான். ரோசிக்குக் காது மந்தம். அந்த லைனை அவள் ஒரு நாளும் தனியாகத் தாண்டியதில்லை. அவள் அம்மா ஸ்டெல்லாவோ நானோ கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போவோம்.

சிஸ்டர் கோயிலுக்குள்ளும் கன்னியர் மடத்திலும் தேடிவிட்டு ஸ்டேஷன் பக்கம் போனார். காஜா என்னை ஏற்றிக்கொண்டு பெரிய ரோட்டில் மிதித்தான். லைனைத் தாண்டி வீட்டுக்குப் போனோம். வாசலில் ஸ்டெல்லா நின்றாள். என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“புள்ள எங்கய்யா?”

நான் காஜாவைத் திரும்பிப் பார்த்தேன். நான் சொல்லாததை அவள் புரிந்துகொண்டாள். அழவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

“நீ போய்த் தேடு. நான் வூட்லயே கீறேன். அவ வரசொல்ல வூட்ல ஆளு இருக்கணும்.” உள்ளே போய் மாதா படத்தின் முன்னால் மண்டியிட்டாள்.

நான் கணக்குப் போட்டேன். கணக்கில் நான் புலி என்று எனக்கு நினைப்பு. வீட்டுக்கு வரவில்லை, வழியிலும் இல்லை. அப்படியானால் வழி தவறிவிட்டாள். இவ்வளவு நேரத்தில் காசிமேட்டுக் கடல்வரை போயிருக்கலாம். பஸ் ஏறியிருந்தால் பாரிமுனை. நேரம் ஆக ஆக என் கணக்கில் அவள் தூரம் தூரமாகப் போய்க்கொண்டே இருந்தாள். கடற்கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர்களைக் கேட்டேன். “பாக்கலியே அண்ணாத்தே” என்றார்கள். அலை கறுப்பாக வந்து மோதியது. அந்தத் தண்ணீரைப் பார்க்க முடியாமல் திரும்பினேன். பஸ் கண்டக்டர்களைக் கேட்டேன். ஒருவர் நான் விளையாடுகிறேன் என்று நினைத்து விசில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

தூறல் மழையானது. விளக்கு வைக்கிற நேரம். மறுபடியும் லைனுக்கே வந்தோம். கூடத்தின் பின்பக்கத்திலிருந்து புறப்படுகிற குடோன் சந்து அங்கேதான் வந்து முட்டும். பெரிய ரோட்டில் வண்டிகளின் ஹாரன் ரோசிக்குக் கேட்காது என்று ஸ்டெல்லா அவளை அந்த வழியாகத்தான் கூட்டி வருவாள். சின்னச் சந்து. அதில் போகிறவர்கள் எப்போதோ வெளியே வந்திருப்பார்கள் என்பது என் கணக்கு. ஆனாலும் எட்டிப் பார்த்தேன். ஒரு லாரி சந்தை அடைத்துக்கொண்டு நின்றது. ஒன்றும் தெரியவில்லை. அந்த லாரிக்காரனை மனதுக்குள் திட்டினேன்.

அப்போதுதான் லைனில் கூச்சல் கேட்டது. வேகன்கள் நின்றிருந்தன. நாலைந்து பேர் குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காஜா வண்டியை நிறுத்தினான். “நீ வராத சூசை. நான் பாத்துட்டு வரேன்.”

அந்த ‘நீ வராத’ காதில் விழுந்தது. கரித்தூள் சேற்றில் அப்படியே முழங்காலிட்டேன். எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்த வாயில் ஒரு செபம் முழுசாக வரவில்லை. சின்ன வயதில் படித்த பழைய தமிழ்ச் செபமும் இப்போது சொல்கிற புதுத் தமிழ்ச் செபமும் ஒன்றாகக் கலந்து உளறினேன். கடைசியில் மிஞ்சியது ஒரே வார்த்தை. நிறுத்து. ஆண்டவரே, நிறுத்து. அவள் எங்கே போய்க்கொண்டிருந்தாலும் அங்கேயே நிறுத்து.

காஜா ஓடி வந்தான். “ஆடுப்பா! ஆடு!” அவன் அழுதுகொண்டிருந்தான். அந்த ஆட்டுக்கு உரியவர் இதைப் படித்தால் என்னை மன்னிக்க வேண்டும். நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

எழுந்து நிற்கும்போது சந்திலிருந்த லாரி டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டிப் பின்பக்கமாகக் கத்தினார். “ஏம்பா வாட்ச்மேன், பின்னால எடுக்கணும். இன்னும் எத்தினி நேரம்?”

உள்ளேயிருந்து ஒரு குரல்: “சாமி காரியம்டா. கம்னு இரு.”

லாரிக்கும் சுவருக்கும் நடுவில் என் தொப்பையைச் செருகிக்கொண்டு உள்ளே போனேன்.

ரோசி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கால் முன்னால், ஒரு கை லேசாகத் தூக்கியபடி, அசையாமல். சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். குடோன் வாட்ச்மேன் காக்கிச் சட்டையோடு அவள் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பாதி நனைந்திருந்தார். கூடத்தின் பின்வாசல் அங்கிருந்து பார்த்தால் தெரிந்தது. இவ்வளவு நேரமாக அவள் அந்தச் சந்தைத் தாண்டவே இல்லை.

“உம் பொண்ணா நைனா?” என்றார் வாட்ச்மேன் மெதுவாக. “மத்தியானத்துலேர்ந்து வந்துகினு கீது. ஒரு அடி வெக்குது. நிக்குது. வாய்க்குள்ள இன்னாவோ சொல்லுது. அப்பால அடுத்த அடி. அடிப்பிரதட்சணம் கணக்கா. எங்க வூட்ல அம்மனுக்கு இப்டித்தான் செய்வாங்க. வேண்டுதல்ல கீற பொண்ண நடுவுல கூப்புடலாமா? அதான் ரெண்டு பக்கமும் வண்டிங்கள நிறுத்திட்டேன்.”

ரோசியின் உதடு அசைந்தது. டக். அடுத்த எட்டு வைத்தாள்.

நடுத்தெருவில் விட்டுவிட்டு வந்த அட்டைப் பெண்ணுக்காக அவள் நடந்துகொண்டிருந்தாள். பட்டறையில் எவ்வளவு நேரம் நிற்பார்களோ அவ்வளவு நேரம் நின்று, டக் சொல்லி, ஒரு எட்டு. நான் கடலில் தேடிய பெண் கூப்பிடு தூரத்தில் இருந்தாள். நிறுத்து என்று நான் கேட்பதற்கு முன்பே ஆண்டவர் அவளை ஒவ்வொரு எட்டிலும் நிறுத்திக்கொண்டிருந்தார்.

பாய்ந்து கையைப் பிடித்தேன். “கை எடு!” என்று கத்தினாள். எடுத்துவிட்டேன். இழுத்தால் உட்கார்ந்துவிடுவாள், உட்கார்ந்த ரோசியைத் தூக்கத் துறைமுகத்து கிரேன்தான் வர வேண்டும்.

“நீ சொல்லுப்பா,” என்றாள். களைத்திருந்தாள்.

“டக்,” என்றேன். ஒரு எட்டு வைத்தாள். இப்படியே லைன்வரை வந்தோம். வேகன்கள் தூரமாகப் போயிருந்தன. கொடிக்காரர் போகலாம் என்று கை காட்டினார். டக். டக். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் அவள் நிற்கும்போது விசில் கேட்டது.

தள்ளிக்கொண்டு போன வேகன்கள் திரும்பி வந்துகொண்டிருந்தன. கொடிக்காரர் சிவப்புக் கொடியை ஆட்டிக்கொண்டு அவற்றை நோக்கி ஓடினார். “அந்தாண்ட போ! போய்யா!” என்று காஜா அலறினான். ரோசிக்கு எதுவும் கேட்கவில்லை. காலை முன்னால் வைத்து, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

என் வாய் காய்ந்து ஒட்டிக்கொண்டது. சத்தம் வரவில்லை. தொட்டால் உட்கார்ந்துவிடுவாள். தரை அதிர்வது காலில் தெரிந்தது.

ஆண்டவரே, வாயைத் திற. அவ்வளவுதான் கேட்டேன்.

“டக்!” என்றேன். என் குரலா என்று இன்றுவரை தெரியவில்லை. அவள் எட்டு வைத்தாள். “டக்! டக்! டக் டக் டக்!” நான் வேகமாகச் சொல்லச் சொல்ல அவள் வேகமாக நடந்தாள், அப்புறம் ஓடினாள், இப்படி ஒரு வேடிக்கையைப் பார்த்ததே இல்லை என்பது போலச் சிரித்துக்கொண்டே ஓடினாள். அந்தப் பக்கத்து ஜல்லியில் இரண்டு பேரும் விழுந்தோம். வேகன்கள் எங்கள் பின்னால் முனகிக்கொண்டே வந்து, நாங்கள் நின்றிருந்த இடத்தைத் தாண்டித்தான் நின்றன.

வீட்டு வாசலில் ஸ்டெல்லா கைகளை நீட்டிக்கொண்டு வந்தாள். ரோசி அவளை விலக்கிவிட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே போய் நின்றாள்.

“வந்துட்டா,” என்றாள். அதற்குப் பிறகுதான் அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

இது நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. அதற்கு மறுநாளே அந்த வாட்ச்மேனைத் தேடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். “எனக்கு இன்னாத்துக்கு நைனா? குடை புடிச்சேன், அவ்ளோதான்,” என்றார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் மண்டியிடுகிறோம். முதலில் அவர் பெயரைத்தான் சொல்கிறோம். ரோசி ‘ஆமென்’ சொல்லும்வரை நானும் ஸ்டெல்லாவும் எழுந்திருப்பதில்லை. சில நாள் அவள் சொல்ல வெகுநேரம் ஆகிறது. எனக்கு முழங்கால் வலிக்கிறது. காத்திருக்கப் பழகிவிட்டேன், என்னைத் தெரிந்தவர்களுக்கு இதுவே பெரிய புதுமை.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது இன்னும் வந்து சேராமல் இருக்கலாம். நோயிலிருந்தோ, குடியிலிருந்தோ, கோபத்திலிருந்தோ. நேரம் ஆக ஆக அவர்கள் தூரம் போய்விட்டார்கள் என்றுதான் மனசு கணக்குப் போடும். அந்தக் கணக்கை நம்பாதீர்கள். ஆண்டவரிடம் கேளுங்கள். அழகான வார்த்தை வேண்டியதில்லை. வாய் வராவிட்டாலும் கேளுங்கள். எனக்கும் அன்று வரவில்லை. அவருக்குக் கேட்டது.