கண் வைக்காத மீனும் கனகேஸ்வரி மிஸ்ஸின் கோபமும்

புத்தளத்து மாம்புரிக் கரையில் வலை உதறிக்கொண்டிருந்தபோதுதான் மருமகள் ரிஸ்னாவின் அழைப்பு வந்தது. "மாமா, கனகேஸ்வரி மிஸ் போயிட்டாங்க மாமா." என் சகோதரியின் மகளான அவள் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படிக்கிறாள்; அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டியவர் மிஸ். அன்று அந்தக் கரையிலிருந்து ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் போகவில்லை.

அழுது முடிப்பதற்குள் அடுத்த செய்தியையும் சொன்னாள். மிஸ்ஸின் உடல் வீட்டை விட்டு எடுக்கப்படும் முன்பே அதே துறையின் மற்றப் பேராசிரியர் அவளை அழைத்து, இனித் தானே வழிகாட்டி, தலைப்பை மாற்று என்று சொல்லிவிட்டாராம். அவர் பெயரை எழுதி இந்த அஞ்சலியை அழுக்காக்க மாட்டேன். மிஸ்ஸை அறிந்த உங்கள் முன் இரங்கல் கூட்டத்தில் அவரும் உருகப்போகிறார். அதனால்தான் முந்திக்கொண்டு எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். நிற்காவிட்டால் அவருடைய கதிரையில் இன்று நான் இருந்திருப்பேன்.

தலைப்புத் தேடிய நாட்களில் ரிஸ்னா முதலில் போனது அவரிடம்தான். "புத்தளத்தில என்ன கலை இருக்கு? கருவாடு காயப்போடுறதா?" என்று சிரித்தாராம். தன் புத்தகத்துக்கு உதவும் கோயில் சிற்பம் ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னாராம். பிள்ளை கரைத்தீவு வீட்டுக்கு வந்து ஒரு மாதம் சோறு தொடவில்லை. ஒரு நாள்தான் என்று அவள் உம்மா சொல்வாள், நம்பாதீர்கள்.

பிறகு மிஸ் தானே புறப்பட்டு வந்தார். அவர் யாழ்ப்பாணத்தார், நாங்கள் யுத்தத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம்கள். அந்தக் கதையை அவரும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நேரே கரைக்கு நடந்தார். இலங்கையிலேயே அழகான என் படகின் முன்னால் நின்றார். அதன் பக்கத்தில் வர்ணத்தில் பெரிய சிவப்பு மீன் கீறியிருக்கும், கண் இருக்காது. நான் வாயைத் திறந்தேன். "நீங்க இருங்கோ. பிள்ளை, நீ சொல்லு" என்றார்.

"உசிருள்ளதக் கீறினா கண் வைக்க மாட்டாங்க மிஸ். எங்கட மார்க்கத்துல கூடாது. அதால மீனக் கீறிட்டு கண்ண விட்டுருவாங்க."

"இதை வேற ஒருத்தர் எழுதினா உனக்குக் கோவம் வருமோ?"

"கொல்லுற கோவம் வரும் மிஸ்."

"அப்ப அதுதான் உன்ர தலைப்பு."

அந்த வேறொருவர் வரத் தாமதிக்கவில்லை. மாணவர்கள் தலைப்பை முன்வைக்கும் நாளில் நானும் புதுச் சாரம் கட்டிக்கொண்டு போயிருந்தேன். ரிஸ்னா மீனின் படத்தைக் காட்டியதும் அந்தப் பேராசிரியர் எழுந்தார். "இது யுத்தம் பிடுங்கிய கண்! அகதியின் குருட்டுச் சாட்சி! இப்படித்தான் எழுதவேண்டும்" என்றார். மண்டபம் கைதட்டியது. மிஸ் அமைதியாக, "ரிஸ்னா, சேருக்குப் பதில் சொல்லு" என்றார்.

"சேர், எங்கட ஊர்க் கோழிக் கடையில கீறியிருக்கிற சேவலுக்கும் கண் இல்ல. அது எந்த யுத்தத்துக்குப் போச்சு?"

அந்தச் சிரிப்பில் கூரை ஓடு நான்கு கழன்று விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அன்று சிற்றுண்டிச்சாலையில், "அவர்ட கார் டயர்ல காத்தத் திறந்து விட்டுட்டு வரட்டா மிஸ்?" என்று கேட்டேன். மிஸ் வடையைப் பிட்டபடி சொன்னார்: "காத்து அடிச்சா டயர் எழும்பீடும். ஆய்வு எழுதி நூலகத்தில வச்சா அவர் எழும்பேலாது." இவ்வளவு பதமாக ஒருவரை முடிக்கத் தெரிந்த பெண்ணை நான் கண்டதில்லை.

நேற்று அந்தப் பேராசிரியர் மறுபடியும் அழைத்தார். ரிஸ்னா ஒலிபெருக்கியில் போட்டாள். நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"தலைப்ப மாத்தினீங்களா?"

"இல்ல சேர். மிஸ் இருக்கக்குள்ளயே சபை ஏத்துக்கிட்ட தலைப்பு. நீங்க வழிகாட்டுறதா இருந்தா இதுக்குத்தான் காட்டணும். முதலாம் அத்தியாயமே நீங்க அண்டைக்கிச் சொன்ன பிழையப் பத்தித்தான். எப்ப கொண்டு வரட்டும் சேர்?"

மறுபக்கத்தில் நாட்குறிப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "திங்கட்கிழமை கொண்டு வாங்க" என்றார்.

மிஸ்ஸின் படத்தை மாட்டிவைப்பவர்கள் மாட்டட்டும். கோபத்தை ஆறவிடாமல், அதோடு அவசரமும் படாமல் காத்திருக்கும் வித்தையை நான் அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை ரிஸ்னாவோடு நானும் போகிறேன்.