சின்னையா வாத்தியாரின் தனிப்பாடம்

சின்னையா வாத்தியார் பிள்ளைகளை அடிப்பதில்லை என்பதுதான் பினாங்கு வண்ணாந்துறையில் அவர்மேல் இருந்த முதல் புகார். இரண்டாவது புகார், அவர் பள்ளிக்கூடத்திலிருந்து சத்தமே வருவதில்லை என்பது. பள்ளிக்கூடம் என்றால் எல்லாத் தொண்டையும் சேர்ந்து ஒரே பாடத்தைக் கத்த வேண்டும். தெருவில் போகிறவன் காதைப் பொத்திக்கொண்டு, "படிப்பு நல்லா நடக்குது" என்று மெச்ச வேண்டும். அந்தக் காலத்தில் அதுதான் நியாயம்.

ஆற்றோரத்து அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் சின்னையா நடத்தியது வேறு விதம். துறைமுகத்தில் மூட்டை எண்ணும் கிராணியாக இருந்து, அந்த வேலைக்கு லாயக்கில்லை என்று அனுப்பப்பட்டவர் அவர். சலவைக்காரர், பால்காரர், வண்டிக்காரர் பிள்ளைகளுக்கு வாத்தியாராக வர வேறு யாரும் சம்மதிக்காததால் அவருக்கு இந்த வேலை கிடைத்தது. ஒண்டிக்கட்டை. கொட்டகைக்குப் பின்னாலேயே சமையல், படுக்கை எல்லாம்.

பிள்ளைகளில் பாதிப் பேர் பால் ஊற்றிவிட்டு வருவார்கள், பாதிப் பேர் துணி காயப்போட்டுவிட்டு வருவார்கள். எந்நேரம் வந்தாலும் அவர் முகம் சுளிக்கமாட்டார். புதுப் பிள்ளையிடம் பேரைக் கேட்டதும் அடுத்த கேள்வி, "வீட்டுல ஒனக்கு என்ன வேலை தெரியும்?" என்பதுதான். அங்கிருந்தே பாடம் தொடங்கும். பால்காரர் பிள்ளைக்குப் படியை வைத்துக் கணக்கு. வண்டிக்காரர் பிள்ளைக்கு, வண்டி போகிற தெருக்களின் பேரே முதல் வாசிப்பு. பள்ளிக் கமிட்டித் தலைவர் முருகப்பன் ஒரு பிரம்பு வாங்கிக் கொடுத்திருந்தார். வாத்தியார் அதைக் கூரையில் செருகிவைத்துவிட்டார். "ஆளுக்கொரு பாடம்னா இது பள்ளிக்கூடமா, சாப்பாட்டுக் கடையா?" என்று தலைவர் கேட்டபோது வாத்தியார் சிரித்துவைத்தார்.

ரப்பர் விலை விழுந்து, வேலை போனவர்களைக் கப்பல் கப்பலாக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த வருஷம் அது. சலவைக்காரர் சுப்பையாவின் மகள் காமாட்சி அப்போது அவரிடம் படித்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது, தாயில்லாப் பிள்ளை. மூன்று வருஷமாகியும் அவளுக்கு 'அ'வும் 'ஆ'வும் ஒன்றுதான். சுப்பையா வந்து பேச்சை முடித்துவிட்டுப் போனார்.

"தைப்பூசம் வரைக்கும் வரட்டும் வாத்தியாரய்யா. அதுக்குள்ள எழுத்து வரலன்னா தொறையிலயே நிக்கட்டும். எனக்கும் ஒத்தக் கை, சூசாலா இருக்கு, சமாளிக்க முடியல."

அதற்கு இரண்டு நாள் கழித்துக் காமாட்சி வரவில்லை. வாத்தியார் தேடிக்கொண்டு போனார். அவள் அழுக்குத் துணிக் குவியலின் நடுவில் உட்கார்ந்து, வீடு வீடாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு துணியின் கழுத்துப் பட்டைக்குள்ளும் ஒரு குறி இருந்தது. இரண்டு புள்ளி, ஒரு கோடு, ஒரு கொக்கி. சேங்கொட்டைச் சாற்றில் குச்சியைத் தொட்டுப் போடுகிற குறி, துணி கிழிந்தாலும் அது போகாது. புதுத் துணிகளுக்கெல்லாம் அவள்தான் குறி போடுகிறாள் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அத்தனை வீட்டுக் குறியும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"இத்தன எழுத்து தெரிஞ்ச பொண்ணா நீ?" என்றார்.

"இது எழுத்தில்ல வாத்தியாரே. குறி."

"எழுத்தும் குறிதான். ஒரு வித்தியாசம். குறிய ஒளிச்சுப் போடணும். எழுத்து எல்லாரும் பாக்கத்தான். பெரிசா எழுதணும், நான் வாசல்லருந்தே படிக்கிற மாதிரி."

அன்றிலிருந்து அவளுக்குத் தனிப்பாடம். பலகையில் டாக்டர் வீட்டுக் குறி, அதன் பக்கத்தில் 'டா'. துரை வீட்டுக் குறி, அதன் பக்கத்தில் 'து'. மூன்று வருஷம் ஏறாதது மூன்று மாதத்தில் ஏறியது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறும் வழியெல்லாம், தண்ணீர்ப்பந்தல் பலகைகளைக் காமாட்சி எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்துக்கொண்டே போனாள். பின்னால் வாத்தியாரோடு வந்த சுப்பையா பாதி மலையில் நின்று, "படிக்கட்டும் வாத்தியாரய்யா" என்றார். சின்னையாவின் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்த மாசி மாதத்தில் சுப்பையாவிடம் மிஞ்சியிருந்த பெரிய வாடிக்கை துரை வீடு ஒன்றுதான். மற்றவர்களெல்லாம் வீட்டிலேயே துவைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். துரை விருந்துக்கென்று புதிதாகத் தைத்த வெள்ளைக் கோட்டுகள் வந்தன. சுப்பையா அவற்றைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு, "காஞ்சதும் குறி போட்டு வை" என்று மகளிடம் சொல்லி டவுனுக்குப் போனார்.

மத்தியானம் சின்னையா காய்கறி வாங்கிக்கொண்டு பசாரிலிருந்து வந்துகொண்டிருந்தார். தூரத்திலிருந்தே கொடி தெரிந்தது. வரிசையாகத் தொங்கிய கோட்டுகளின் முதுகில், ஒவ்வொன்றிலும், சாண் அகலத்துக்குக் கறுப்பாக 'துரை வீடு' என்று எழுதியிருந்தது. பாதையில் நின்றபடியே அதைப் படித்தார். முதலில் அவருக்கு வந்தது சந்தோஷம்தான். ஐகாரம் சரியாக இருந்தது, சுழிகள் ஒழுங்காக இருந்தன. கொடிக்குப் பக்கத்தில் கையில் குச்சியோடு காமாட்சி அவரையே பார்த்து நின்றாள்.

பிறகுதான் மை எதுவென்று நினைவு வந்தது. மடியிலிருந்த காய்கறியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்.

துறையே கூடிவிட்டது. சோடா உப்பு போட்டார்கள், எலுமிச்சை தேய்த்தார்கள், வெள்ளாவியில் வைத்தார்கள். துணிதான் நைந்தது, எழுத்து அப்படியே நின்றது. சாயங்காலம் வந்த சுப்பையா கோட்டுகளைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார். மகளை அவர் தொடவில்லை. அடித்திருந்தால்கூட மனது ஆறியிருக்கும் என்று சின்னையாவுக்குத் தோன்றியது.

"நான்தான் பெரிசா எழுதச் சொன்னேன்," என்றார் சின்னையா.

"அவளும் அதேதான் சொன்னா. மத்தப் புள்ளைங்களோட சேத்துக் கத்த விட்டிருந்தீங்கன்னா, ஒண்ணும் வரலன்னு தொறையில நின்னிருப்பா. அவளுக்குன்னு தனியா சொல்லிக் குடுத்தீங்க."

துரை வீட்டு வேலை மறுநாளே போனது. துரையின் கோட்டுகளுக்கு நேர்ந்த கதை ஊரெல்லாம் பரவி, புது வாடிக்கையும் அமையவில்லை. இரண்டு வாரத்தில் சுப்பையா நாகப்பட்டினம் போகும் இலவசக் கப்பலுக்குப் பேர் கொடுத்துவிட்டார். ஊரில் அவருக்கு நிலமும் இல்லை, வீடும் இல்லை. கப்பல்துறையில் மூட்டை மேல் உட்கார்ந்திருந்த காமாட்சி, வாத்தியார் கிட்டே வந்ததும் எழுந்து நின்றாள்.

"எழுத்துல தப்பு இருந்துச்சா வாத்தியாரே?"

"இல்லம்மா. ஒரு தப்பும் இல்ல."

அந்தக் கப்பலில் வாந்திபேதி கண்டதென்று பிறகு பேச்சு வந்தது. யார் யார் இறந்தார்கள் என்று தெரிந்து சொல்ல ஆளில்லை. சின்னையா கப்பல் கம்பெனி வாசலில் பல நாள் நின்றுவிட்டுத் திரும்பினார்.

சித்திரையில் பள்ளிக்கூடம் திறந்தபோது கூரையிலிருந்த பிரம்பு அவர் கையில் இருந்தது. எல்லாருக்கும் முதல் பக்கம், எல்லாரும் சேர்ந்து. பால்காரர் பிள்ளை படியைக் கொண்டுவந்தான். அதைக் கண்டிப்பாக வெளியே வைக்கச் சொல்லிவிட்டார். தெருவில் நின்று கேட்ட முருகப்பன், "இப்பதான் வாத்தியார் மாதிரி இருக்கீங்க" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

ஒரு நாள் மீன்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி புதிதாகச் சேர வந்தாள். பேரைச் சொல்லிவிட்டுப் போகாமல் நின்றாள். வாத்தியாரின் அடுத்த கேள்வி என்னவென்று அவரிடம் முன்பு படித்த அவள் அண்ணன்மார் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் கேட்காததால் அவளே ஆரம்பித்தாள்.

"எனக்கு வல பின்னத் தெரியும்."

"போய் வரிசையில உக்காரு," என்றார் சின்னையா.